பால் என்றால் என்ன என்று கேட்டார்கள்

எனக்கு என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. குலசேகரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மூன்று பக்கமும் ரப்பர் மரம் நிற்கிற வீடு எங்களுடையது. அதன் மாடி அறையில் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருப்பவள் நான். யாராவது கேட்டால் என் கணவர், "அவ இன்சூரன்ஸ் ஆளுவளுக்கு தலைப்பு போட்டுக் குடுக்குகா" என்பார். கிண்டலுக்குச் சொல்வதுதான். ஆனால் அதைவிடச் சுருக்கமாக நானே சொன்னதில்லை.

விஷயம் இதுதான். இன்சூரன்ஸ் கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். யாருக்கெல்லாம் பாலிசி கொடுத்தோம், அவர்கள் என்ன தொழில் செய்கிறவர்கள், இழப்பீடு கேட்டவர்களில் யாருக்குக் கொடுத்தோம், யாருக்கு மறுத்தோம், ஏன் மறுத்தோம். இதை ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய சொல்லில் அனுப்பிக்கொண்டிருந்தது. மண்வெட்டி பிடித்து வேலை செய்கிற ஒருவர் ஒரு கம்பெனியில் 'கூலி', இன்னொன்றில் 'தினச் சம்பளம்', மூன்றாவதில் 'அமைப்புசாராத் தொழிலாளர்'. மேலே சேர்த்து வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அது மூன்று ஆள். ஆகவே கம்பெனிகள் சேர்ந்து ஒரு குழு போட்டன. எல்லோரும் ஒரே சொல், ஒரே எண், ஒரே அர்த்தம். அவற்றில் ஒன்றான என் கம்பெனி என்னை அந்தக் குழுவுக்கு அனுப்பியது. தொழில் பட்டியலும், தமிழில் நிரப்பப்பட்ட பழைய விண்ணப்பங்களும் என் தலையில் விழுந்தன.

விழுந்தன என்று சொல்லக் கூடாது. ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு ஒழுங்கின்மேல் ஒரு வெறி உண்டு. சமையலறையில் டப்பாவுக்குப் பெயர் ஒட்டி வைக்கிறவள். பழைய அறிக்கைகளில் என்னை எரிச்சல்படுத்திய சொல் 'இதர'. விண்ணப்பத்தில் எழுதியிருப்பது புரியவில்லையா, இதர. படிக்கச் சோம்பலா, இதர. ஊரில் பாதிப் பேர் இதரவாகக் கிடந்தார்கள். பனை ஏறுகிறவர், வலை பின்னுகிறவர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் எல்லோரும் அந்த ஒரே கிடங்கில். குழுவின் முதல் கூட்டத்திலேயே, ஒருவரைக்கூட காரணமில்லாமல் இதரவில் விடமாட்டேன் என்று சொன்னேன். கொஞ்சம் வீராப்பாகத்தான் சொன்னேன்.

பழைய விண்ணப்பங்களில் ஏஜெண்டுகள் எழுதியிருந்த தமிழ் பலவகை. அவசரத்தில் எழுதியவை, பாதியில் விட்டவை, எழுத்துப்பிழையே அழகாக இருந்தவை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொதுப் பட்டியலில் உள்ள ஒரு தொழிலோடு இணைக்க வேண்டும். ஒன்றுபோல இருப்பவற்றுக்குச் சேர்த்து ஒரு விதி எழுதிவிடலாம். அன்றைக்கு நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது 'பா'வில் தொடங்கும் சொற்கள். பால், பால் வேலை, பால் எடுப்பு, பால் கொண்டுபோதல். கூட்டத்தில் வடக்கே ஒரு பெரிய நகரத்திலிருந்து பேசிய பெண்மணி, மிக மரியாதையாக, இந்தப் 'பால்' என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மில்க் என்றேன்.

எல்லாமேயா என்று கேட்டார். எல்லாமேதான் என்றேன். பால் என்று தொடங்கினால் 'பால் பண்ணை மற்றும் கால்நடை'க்குப் போகட்டும் என்று அந்த இடத்திலேயே விதி எழுதி முடித்தோம். அடுத்தது 'பாய் முடைதல்'. அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் செய்தது என்னவென்று இதற்குள் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மாட்டுப் பாலுக்குத்தான் அடைமொழி வேண்டும். பசும்பால், கவர் பால் என்று சொன்னால்தான் அது டீக்கு. வெறும் பால் என்றால் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டினால் சிரட்டையில் வடிவது. "இன்னைக்கு பால் கொறவு" என்று ஒருவர் டீக்கடையில் சொன்னால் யாரும் மாட்டை நினைக்க மாட்டார்கள். பால்வெட்டு, பால் எடுப்பு, ஒட்டுப்பால் எல்லாம் மரத்தைச் சேர்ந்த சொற்கள். நான் பிறந்து வளர்ந்தது இதற்குள்ளேதான். அந்தக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதுகூட ஜன்னலுக்கு வெளியே எங்கள் கொடியில் ரப்பர் ஷீட்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் புளிச்ச வாடை அறைக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்திலேயே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மொழியில் எனக்குப் பால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இதை விளக்கம் என்று சொல்லலாம். சாக்கு என்று சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

அத்தோடு நிற்கவில்லை. இழப்பீட்டை மறுப்பதற்கான காரணங்களுக்கும் பொதுப் பட்டியல் ஒன்று செய்தோம். எல்லாக் கம்பெனிகளும் ஒரே காரணத்துக்கு ஒரே வாசகத்தில் கடிதம் அனுப்ப வேண்டும் என்பது யோசனை. தமிழ் வாசகங்களை எழுதியது நான். ஆங்கிலத்தில் 'தொழில் பற்றிய தவறான அறிவிப்பு' என்கிற மாதிரி மூன்று சொல்தான் இருந்தது. யார் அறிவித்தது என்று அதில் இல்லை. தமிழில் அப்படி மொட்டையாக விட எனக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்து யோசித்து, "காப்பீடு பெற்றவர் தமது தொழில் குறித்து உண்மைக்குப் புறம்பான தகவலை அளித்துள்ளார்" என்று எழுதினேன். வாசித்துப் பார்த்து எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. குழுவில் இருந்த இன்னொரு தமிழர், இது நல்ல தமிழ் என்று பாராட்டினார்.

பட்டியலின் முதல் பதிப்பு நடைமுறைக்கு வந்தது. 'இதர' பாதிக்கும் கீழே இறங்கியது. அன்று நான் கேக் வாங்கினேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் மரம் இருக்கிறது. அதில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவளின் கணவர். அவர்களும் நாங்களும் ஒரே சபை. எங்கள் மரம் கொஞ்சம்தான் என்பதால் அதை முடித்துவிட்டு, மேலே சரிவில் இருக்கிற வேறொருவரின் தோட்டத்துக்குப் போவார். அதிகம் பேசமாட்டார். சிரட்டைகளைக் கவிழ்த்துப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு போகும்போது, மாடி ஜன்னலில் என்னைக் கண்டால் தலையை ஒருமுறை ஆட்டுவார். எங்கள் பக்கம் சர்ச்சுக்கும் கோயில் என்றுதான் பெயர்; அந்தக் கோயில் சாவி அவரிடம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பதும், காணிக்கை எண்ணும்போது பக்கத்தில் நிற்பதும் அவர்தான். அப்படி ஒரு நம்பிக்கை எல்லோருக்கும்.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, மேலே சரிவில் வாளியோடு வழுக்கி விழுந்தார். கீழே கல் அடுக்கிய கையாலைச் சுவர். தலை அதில் மோதிவிட்டது. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். அவள் அழவில்லை, வருகிறவர்களுக்கு நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

சில வருஷங்களுக்கு முன் வங்கியில் கணக்குத் தொடங்கியபோது அவர் ஒரு விபத்துக் காப்பீடு எடுத்திருந்தார். என் கம்பெனி அல்ல. குழுவில் இருந்த இன்னொன்று. அவள் தாள்களைக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு மாதம் கழித்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் விசாரணைக்கு வந்தார். டீக்கடையில், ரேஷன் கடையில், கோயில் பக்கம் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்: இறந்தவர் மாடு வைத்திருந்தாரா?

கேட்டவர்களுக்கு முதலில் சிரிப்பு. பிறகு யோசனை. இன்சூரன்ஸ்காரன் வேலையற்றுப் போயா மாட்டைக் கேட்கிறான், ஏதோ இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். மாடு இருப்பதாக எழுதிக் கடன் வாங்கியிருப்பார் என்றார் இன்னொருவர். கோயில் சாவிவரைக்கும் பேச்சு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஏதோ கிறுக்கு விசாரணை என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் அவள் ஒரு கடிதத்தோடு வந்தாள்.

"நல்ல தமிழ்ல எழுதியிருக்கு மக்கா. எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல. நீ இந்த வேலைதானே செய்யுக. வாசிச்சு சொல்லு."

வாசித்தேன். இரண்டாவது பத்தியில் என் வாக்கியம் இருந்தது. ஒரு புள்ளிகூட மாறாமல். உண்மைக்குப் புறம்பான தகவலை அளித்துள்ளார். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தில், விண்ணப்பத்தின்படி தொழில்: பால் பண்ணை மற்றும் கால்நடை. போலீஸ் தாளின்படி: ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. இழப்பீடு நிராகரிக்கப்படுகிறது.

விண்ணப்பத்தில் 'பால் வேலை' என்று இருந்ததை என் விதி மாடாக்கியிருந்தது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கள்ளம் பறஞ்சாருன்னு எழுதியிருக்கா?"

"பொய் சொன்னாருன்னு நேரா எழுதல்ல," என்றேன்.

"அப்ப எப்படி எழுதியிருக்கு?"

கடிதத்தை மடித்து அவளிடம் கொடுத்தேன். அவளே சொன்னாள்: "அவரு என்னைக்காவது ஒரு பசுவ கறந்திருப்பாரா? உனக்க வீட்டுப் பால வெட்டுனவருதானே. நீயே கண்டிருக்கியே."

கண்டிருக்கிறேன் என்றேன். கம்பெனியில் யாருக்கோ புரியாமல் போயிருக்கும், நான் பேசிப் பார்க்கிறேன், கவலைப்படாதே என்று அனுப்பிவைத்தேன். யாருக்கோ. அவள் படி இறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவள் சண்டை போட்டால் தாங்கிவிடலாம். சண்டை போடாமல் போனால் என்ன செய்வது என்றுதான் பயம்.

குழுவுக்கு எழுதினேன். எங்கள் மாவட்டத்தில் பால் என்பது பெரும்பாலும் ரப்பர் பால் என்றும், விதி தவறு என்றும், அந்த விதியை எழுதியது நான் என்றும் எழுதினேன். இதை மட்டும் ஒளிக்கவில்லை. கூட்டத்தில் எல்லோரும் தங்கமாக நடந்துகொண்டார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை. அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்றார்கள். ஏற்கெனவே போன அறிக்கைகளை என்ன செய்வது என்று கேட்டேன். எல்லாக் கம்பெனிகளும் திரும்ப அனுப்புவது நடக்கிற காரியமா என்று ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். அந்தக் குடும்பத்தின் இழப்பீட்டைத் தனியாகக் கவனிக்கச் சொல்லிவிடலாம் என்று முடிவானது. 'பால்' என்று எழுதப்பட்டு மறுக்கப்பட்ட மற்றவற்றையும் தேடிப் பார்க்கச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொன்றும் கேட்டேன். மறுப்புக் கடிதம் தவறு என்று தெரிந்தால் அதைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு வாசகம் வேண்டும். காரணப் பட்டியலில் 'எங்கள் பிழை' என்று ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றேன். பிறகு தலைமை வகித்தவர், அப்படி ஓர் எண்ணைச் சேர்த்தால் எந்தக் கம்பெனி அதைப் பயன்படுத்தி ஆணையத்துக்கு அனுப்பும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த விஷயத்துக்குப் போனோம்.

பணம் வந்தது. கடிதம் எதுவும் வரவில்லை. வங்கியிலிருந்து போனில் ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான். எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து, நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் முற்றத்தில், சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் வெட்டிய மரங்களில் பாதியை இப்போது அவள் வெட்டுகிறாள்.

"வந்துது," என்றாள். "ஆனா அந்த எழுத்து அப்படியேதானே இருக்கு. கள்ளம் பறஞ்சவனுக்கு இரக்கப்பட்டு குடுத்ததா, இல்ல அவரு பறஞ்சது நேருன்னு குடுத்ததா? யாருக்கு தெரியும்?"

"கொடுத்தாலே உண்மைன்னுதானே அர்த்தம்."

"உனக்கு. இஞ்ச உள்ளவங்களுக்கு அப்படி இல்ல. போன ஞாயிறு கோயில் சாவிய எனக்க மவனுக்கு குடுக்கலாமான்னு பேச்சு வந்திருக்கு. வேண்டாம்னு ஒருத்தரு சொல்லியிருக்காரு. காரணம் சொல்லல்ல. காரணம் எனக்கு தெரியும்."

அங்கேயே, அந்த ஒட்டுப்பால் நாற்றத்துக்கு நடுவில் நின்று சொன்னேன். எல்லாவற்றையும். யாரோ ஒரு அம்மா பால் என்றால் என்ன என்று கேட்டதையும் நான் சொன்ன பதிலையும். கடிதத்தில் இருந்த நல்ல தமிழும் என்னுடையது என்பதையும்.

அவள் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். சண்டை போடவில்லை. நான் பயந்த மாதிரியேதான்.

"நீயா?" என்று மட்டும் கேட்டாள். கொஞ்சம் கழித்து, "உனக்கு பால்னா என்னன்னு தெரியாதா ஏட்டி?" என்றாள். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பிறகு அவள் சொன்னாள்: "வியாழக்கிழமை பெண்கள் கூட்டம் இருக்குல்லா. அதுல எந்திச்சு நின்னு சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் மூன்று நாள் அந்தப் பேச்சை எழுதினேன். கம்பெனிக்கு ஏதாவது சிக்கல் வருமோ, என் வேலைக்கு வருமோ என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். அடித்தேன், திரும்ப எழுதினேன். கணவர் வாசித்துவிட்டு, "வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார். அவருக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கோயிலில் முப்பது பேர்வரை இருந்தோம். ஜெபம் முடிந்து, வசனம் வாசித்து, அறிவிப்புகள் எல்லாம் ஆனபிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அவள் மூன்றாவது பெஞ்சில் ஓரத்தில் இருந்தாள். நான் தாளை விரித்தேன். இறந்துபோன நம் சகோதரரின் காப்பீடு தொடர்பாகச் சில தவறான தகவல்கள் பரவியிருப்பதாக அறிகிறோம் என்று தொடங்கினேன். தொழிலைப் பதிவு செய்ததில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. அது பின்னர் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. இதனால் அவர் பெயருக்கு எந்தக் களங்கமும் இல்லை.

குரல் நன்றாகத்தான் வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி நன்றி சொல்வதற்காக எழுந்திருக்கப் போனாள்.

"யாரு செய்தது?" என்று மூன்றாவது பெஞ்சிலிருந்து அவள் கேட்டாள்.

நான் தாளைப் பார்த்தேன். அதில் அது இல்லை.

"தவறு நேர்ந்துதுன்னு சொன்னியே. அது தானா வந்து நேராதுல்லா. யாரு செய்ததுன்னு சொல்லு மக்கா."

தாளை மடித்தேன். எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இங்கே எல்லா முகமும் எனக்குத் தெரிந்த முகம்.

"நான்," என்றேன். "அவரு பால் வேலைன்னுதான் எழுதிக் குடுத்தாரு. நான்தான் அத மாடுன்னு மாத்தி எழுதுனது. அவரு கள்ளம் பறயல்ல. கள்ளம் பறஞ்சது நான்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "இனி இரி."

நான் உட்கார்ந்தேன்.